கூலன்ட் கான்சென்ட்ரேட், ரெடிமிக்ஸ், ரிஃப்ராக்டோமீட்டர்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கூலன்ட் கேட்டால் "பச்சையா, சிவப்பா?" என்றுதான் எதிர்க்கேள்வி வரும். கேட்க வேண்டியது அதுவல்ல. டின்னுக்குள் கிளைக்கால் (தண்ணீர் உறையாமலும் சீக்கிரம் கொதிக்காமலும் காக்கும் திரவம்) எத்தனை சதவீதம், ஊற்றி முடித்தபின் இன்ஜினுக்குள் அது எத்தனை சதவீதமாக நிற்கும் என்பதைத்தான் கேட்க வேண்டும். 50 சதவீதம் என்று அச்சடித்த ரெடிமிக்ஸை வாங்கி ஒழுங்காக ஊற்றினாலும் உள்ளே 30 சதவீதம்தான் இருக்கும் என்ற நிலை சர்வசாதாரணமாக வரும். எப்படி என்று கீழே கணக்கோடு சொல்கிறோம்.

கடையில் கிடைக்கும் மூன்று பொருட்களை இங்கே சேர்த்து மதிப்பிடுகிறோம்: தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட், அப்படியே ஊற்றும் ரெடிமிக்ஸ், கலவையை அளக்கும் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர். கூலன்டை முழுசாக மாற்றும்போது கான்சென்ட்ரேட்டும் டிஸ்டில்டு வாட்டரும் வாங்குங்கள். ரிசர்வ் டேங்கில் குறைந்ததை நிரப்ப ரெடிமிக்ஸ் போதும். வேலையைத் தாங்களே செய்கிறவர்களுக்கும் சின்ன ஒர்க்‌ஷாப்களுக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தே ஆக வேண்டும்.

உறையாத ஊரில் ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் கூலன்ட்) எதற்கு?

தமிழ்நாட்டில் தண்ணீர் உறைகிற இடமே குறைவு. ஜனவரியில் ஊட்டி, தலைக்குந்தா, அவலாஞ்சிப் பக்கம் உறைபனி விழும், அவ்வளவுதான். அதனால் "சும்மா தண்ணீரே போதும், அம்பாசடர் ஓடலையா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அம்பாசடரின் இன்ஜின் வார்ப்பிரும்பு. இப்போதைய கார்களில் ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் கோர் அலுமினியம், பல வண்டிகளில் பிளாக்கே அலுமினியம். வெறும் தண்ணீரும் அதிலுள்ள குளோரைடும் சேர்ந்தால் அலுமினியத்தில் ஊசி முனை அளவு குழிகள் விழும், ஹெட் கேஸ்கட் உட்காரும் விளிம்பு அரிக்கும், வாட்டர் பம்ப் சீல் காய்ந்து கசியும். கூலன்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்து இதையெல்லாம் தடுக்கிறது. அந்த மருந்து கிளைக்காலோடு சேர்ந்தேதான் வருகிறது. கிளைக்கால் சதவீதம் குறைந்தால் மருந்தும் அதே விகிதத்தில் குறையும். நம் ஊரில் கலவை விகிதத்தைப் பார்க்க வேண்டிய முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் கொதிநிலை. கடல்மட்டத்தில், மூடி திறந்த நிலையில், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலவை 107, 108 டிகிரி வாக்கில் கொதிக்கும். வித்தியாசம் ஏழெட்டு டிகிரிதான். பெரிய உதவி செய்வது ரேடியேட்டர் மூடி. 0.9 பார் (பார் என்பது அழுத்த அளவு) மூடி நன்றாக அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது, பாதிக்குப் பாதி கலவை 125-ஐத் தாண்டித் தாக்குப்பிடிக்கும். மூடியின் ரப்பர் இறுகிப்போய் அழுத்தம் கசிந்தால் எவ்வளவு விலை உயர்ந்த கூலன்ட் ஊற்றினாலும் பயனில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏசி போட்டு இரண்டாவது கியரில் ஏறும் வண்டிக்கு இந்த இடைவெளி முழுக்கத் தேவை. கூலன்ட் மாற்றும்போது மூடியையும் பாருங்கள்: மேலே 0.9 என்றோ 1.1 என்றோ எழுதியிருக்கும், அதே எண் உள்ள மூடியைத்தான் போட வேண்டும். ரேடியேட்டர் மூடிக்கு நம் ஊரிலேயே நல்ல பாரம்பரியம் உண்டு. சென்னையின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே மூடி செய்து அனுப்பிய நிறுவனம்.

அப்படியானால் கிளைக்காலை இன்னும் அதிகமாக ஊற்றினால் இன்னும் நல்லதா? இல்லை. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். பாதிக்குப் பாதி கலவைக்கு ஏறக்குறைய 3.4 போதும். அதாவது அதே அளவு திரவம் குறைவான சூட்டைத்தான் ரேடியேட்டருக்கு எடுத்துச் செல்லும். கிளைக்கால் கெட்டியான திரவமும்கூட, குறுகிய குழாய்களில் மெதுவாகத்தான் ஓடும். 70 சதவீதம், 80 சதவீதம் என்று ஊற்றிய வண்டி மே மாத டிராஃபிக்கில் சூடேறுவது இதனால்தான். உறைநிலைப் பாதுகாப்பும் ஓர் அளவுக்கு மேல் கூடாது, குறையவே செய்யும்: சுத்தமான எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும், 50 சதவீதக் கலவையோ மைனஸ் 37 வரை தாங்கும்.

நம் சமவெளிக்கு 40 முதல் 50 சதவீதம் சரியான இடம். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகவே கூடாது, துருத்தடுப்பு மருந்து போதாது. ஃபோக்ஸ்வாகன் குழுமம் தன் கையேடுகளில் 40-க்குக் குறையாமல், 60-ஐத் தாண்டாமல் என்று எல்லை வைக்கிறது. எந்த வண்டிக்கும் அதை நம்பிப் பின்பற்றலாம். லடாக் பயணம் போகிறவர்கள் 50-க்குக் குறைக்கவே வேண்டாம்.

கான்சென்ட்ரேட்

முழு மாற்றத்துக்கு இதுதான் எங்கள் தேர்வு. காரணம் விலை மட்டுமல்ல. ரெடிமிக்ஸ் 5 லிட்டர் டின்னில் பாதி தண்ணீர்; அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம் என்பது உண்மையே. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் இன்ஜினுக்குள் தங்கிவிடும் தண்ணீர்.

ரேடியேட்டரின் கீழ் பிளக்கைத் திறந்தால் மொத்தக் கூலன்டும் வெளியே வராது. பிளாக்குக்குள்ளும், காருக்குள் சூட்டுக் காற்று தரும் ஹீட்டர் கோரிலும் கணிசமான அளவு நின்றுவிடும். 5 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு வண்டியில் 3 லிட்டர் வெளியே வந்தது, 2 லிட்டர் உள்ளே தங்கியது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை அலசிய பிறகு அந்த 2 லிட்டரும் வெறும் தண்ணீராகிவிட்டது. இப்போது 50 சதவீத ரெடிமிக்ஸ் 3 லிட்டர் ஊற்றினால், அதில் இருக்கும் கிளைக்கால் 1.5 லிட்டர். மொத்தம் 5 லிட்டரில் 1.5 லிட்டர், அதாவது 30 சதவீதம். டின் பொய் சொல்லவில்லை, மெக்கானிக் ஏமாற்றவில்லை, ஆனாலும் கலவை நீர்த்துப்போய்விட்டது. ரெடிமிக்ஸை வைத்து இதைச் சரிசெய்ய வழியே இல்லை. உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றினால்தான் உண்டு.

கான்சென்ட்ரேட்டில் கணக்கு எளிது. கையேட்டில் மொத்தக் கொள்ளளவைப் பாருங்கள். வேண்டிய சதவீதத்தால் பெருக்குங்கள். அந்த அளவு கான்சென்ட்ரேட்டை முதலில் ஊற்றுங்கள், மீதி இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். மேலே சொன்ன வண்டிக்கு 50 சதவீதம் வேண்டுமென்றால் கான்சென்ட்ரேட் 2.5 லிட்டர், தண்ணீர் அரை லிட்டர். 40 சதவீதத்துக்கு 2 லிட்டரும் 1 லிட்டரும். இந்த வரிசை முக்கியம். தண்ணீரை முதலில் ஊற்றினால் கான்சென்ட்ரேட்டுக்கு இடமிருக்காது. வாளியில் பாதிக்குப் பாதி கலக்கி ஊற்றுவது ரெடிமிக்ஸ் ஊற்றுவதற்குச் சமம், அதே 30 சதவீதத்தில் போய் நிற்கும்.

கான்சென்ட்ரேட்டின் குறை ஒன்றுதான், டின் மேலிருக்கும் விகிதம் குழப்பும். சில டின்களில் 1:1 என்றிருக்கும், சிலவற்றில் 1:2, சிலவற்றில் 1:3. ஒரு பங்கு கூலன்டுக்கு மூன்று பங்கு தண்ணீர் என்றால் 25 சதவீதம். எத்திலீன் கிளைக்காலாக இருந்தால் அது மைனஸ் 12 டிகிரிக் கலவை. வெப்ப ஊருக்குப் போதும் என்று விற்பனையில் சொல்வார்கள். நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். அலுமினிய இன்ஜினுக்கு அது மெல்லிசு. டின் 1:3 என்றாலும் 40 சதவீதக் கணக்கிலேயே ஊற்றுங்கள், அரை லிட்டரோ ஒரு லிட்டரோ கூடுதலாகும் செலவு ரேடியேட்டர் விலைக்கு முன் ஒன்றுமில்லை.

லேபிளில் தேட வேண்டியது ஐஎஸ் 5759, ஜேஐஎஸ் கே 2234, ஏஎஸ்டிஎம் டி3306 ஆகிய தர எண்களில் ஒன்றாவது இருக்கிறதா என்பதை. "சூப்பர் கூல்", "லாங் லைஃப்" என்ற வார்த்தைகள் மட்டும் இருந்து எந்தத் தர எண்ணும், கிளைக்கால் அளவும், தயாரித்த தேதியும் இல்லையென்றால் அந்த டின்னை வைத்துவிட்டு வாருங்கள். நிறம் தரநிர்ணயம் கிடையாது. டொயோட்டா இளஞ்சிவப்பு, ஹோண்டா நீலம், ஃபோக்ஸ்வாகனின் ஜி13 என்ற கூலன்ட் வகை ஊதா என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த சாயம் போடுகிறது. ஒரே பச்சை நிறத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று வகை மருந்துகள் இருக்கலாம். ஜப்பானிய வண்டிகளுக்கான கூலன்டில் பாஸ்பேட் இருக்கும், சிலிக்கேட் இருக்காது; ஐரோப்பிய வகைகள் பெரும்பாலும் பாஸ்பேட்டைத் தவிர்க்கும். அங்கே குழாய்த் தண்ணீர் கடினம், பாஸ்பேட் அதோடு சேர்ந்து படிவாகும் என்பதுதான் காரணம். கையேட்டில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். வேறு வகையைக் கலந்தால் உடனே இன்ஜின் நின்றுவிடாது, ஆனால் மருந்துகள் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்து ஆயுள் பாதியாகும். சில ஜோடிகள் கூழாகத் திரளும்.

கூட வாங்க வேண்டிய தண்ணீர்

பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் அல்லது டிஎம் வாட்டர் (தாது உப்பு நீக்கிய தண்ணீர்)தான் சரி. கேனை நன்றாகப் பார்த்து வாங்குங்கள், அதே கடையில் அதே மாதிரி வெள்ளைக் கேனில் பேட்டரி ஆசிடும் இருக்கும். கேட்டர்பில்லர் தன் இன்ஜின்களுக்கு ஊற்றும் தண்ணீருக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு, லிட்டருக்குக் குளோரைடு 40 மில்லிகிராம், கடினத்தன்மை 170, மொத்தக் கரைபொருள் 340. நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் இதை எளிதாகத் தாண்டும், கடலோரச் சென்னையில் கேட்கவே வேண்டாம். வீட்டு ஆர்ஓ தண்ணீர் அவசரத்துக்கு ஓகே. வழக்கமாக்க வேண்டாம், அந்த வடிகட்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து உப்பு மாறும்.

அலசும்போது பைப் தண்ணீர் விட்டால் கடைசியாக உள்ளே தங்குவதும் பைப் தண்ணீர்தான். மேலே சொன்ன 5 லிட்டர் வண்டியில் கடைசி அலசலை 3 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் செய்து, இன்ஜினை ஓட்டிக் கலக்கி வடித்தால், உள்ளே தங்கும் 2 லிட்டரில் பைப் தண்ணீர் 0.8 லிட்டராகக் குறையும். இன்னொரு முறை செய்தால் 0.32 லிட்டர். அதற்கு மேல் மெனக்கெட வேண்டியதில்லை.

ரெடிமிக்ஸ்

டாப்-அப்புக்கு இதை மிஞ்ச எதுவுமில்லை. தொழிற்சாலையிலேயே உப்பு நீக்கிய தண்ணீரில் கலந்து வருகிறது, விகிதம் மாறாது, அரை லிட்டர் ஊற்றினாலும் உள்ளிருக்கும் கலவை கெடாது. டொயோட்டாவின் சூப்பர் லாங் லைஃப் கூலன்டும் ஹோண்டாவின் டைப் 2-வும் இப்படிக் கலந்தே வருபவை, அவற்றில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் 25 சதவீதம். அந்தப் பிழை ஒர்க்‌ஷாப்களில் நடக்கிறது, "கூலன்ட்னா ஒன்னுக்கு ஒன்னு தண்ணி" என்ற பழக்கத்தில் கை தானாகக் கலந்துவிடும். டின்னில் "ரெடி டு யூஸ்" என்றோ "பிரீமிக்ஸ்" என்றோ இருந்தால் தண்ணீர்க் கேனைத் தொடவே வேண்டாம்.

வெயில் ஊர்களுக்கென்று 30 சதவீத ரெடிமிக்ஸும் விற்கிறார்கள். உறைநிலை மைனஸ் 37 என்று போட்டிருந்தால் 50 சதவீதம், மைனஸ் 15, 16 என்றிருந்தால் அது 30. உறைநிலையே எழுதாத டின்னை வாங்காதீர்கள்.

முழு மாற்றத்துக்கும் ரெடிமிக்ஸ்தான் வேண்டும் என்கிறவர்கள் தண்ணீர் விட்டு அலசக் கூடாது. பழையதை வடித்து, ரெடிமிக்ஸையே ஊற்றி, ஓட்டி, மறுபடி வடித்து, மறுபடி ரெடிமிக்ஸ் ஊற்ற வேண்டும். டின் செலவு இரட்டிப்பாகும். பழைய கூலன்ட் சுத்தமாக, துரு நிறமில்லாமல், அதே வகையாக இருந்தால் மட்டும் ஒரே தடவை வடித்து ஊற்றுவது நியாயம்.

ரிஃப்ராக்டோமீட்டர்

ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஆன்லைனில் கிடைக்கும் கையடக்கக் கருவி. பேட்டரி வேண்டாம், ஸ்விட்ச் கிடையாது. ஒரு முனையில் சாய்வான கண்ணாடிப் பிரிஸம், அதன்மேல் ஒளி ஊடுருவும் மூடி, மறுமுனையில் கண் வைத்துப் பார்க்கும் துளை. திரவத்தில் கிளைக்கால் கூடக்கூட ஒளி அதிகமாக வளையும். அந்த வளைவை அளவுகோலில் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடாகக் காட்டுகிறது. மூன்று பொருட்களில் முதலில் காசு போக வேண்டியது இதற்குத்தான் என்போம். கலவையை ஊகிக்காமல் கண்ணால் பார்க்க வேறு மலிவான வழியில்லை.

முதலில் சரிபார்க்க வேண்டும். பிரிஸத்தில் இரண்டு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு, மூடியைக் குமிழி இல்லாமல் படிய வைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். கோடு பூஜ்ஜியத்தில், அதாவது வாட்டர்லைன் என்ற இடத்தில், நிற்க வேண்டும். விலகியிருந்தால் மேலிருக்கும் சின்ன ஸ்க்ரூவைக் கூடவே வரும் குட்டி ஸ்க்ரூ டிரைவரால் திருப்பிச் சரிசெய்யலாம். புதிதாக வரும் கருவியில் இது பெரும்பாலும் விலகித்தான் இருக்கும், அதைத் தொழிற்சாலைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிறகு பிரிஸத்தைத் துடைத்து, ஆறிய இன்ஜினிலிருந்து பிளாஸ்டிக் பிப்பெட்டால் எடுத்த கூலன்டை இரண்டு மூன்று சொட்டு விட்டு, அரை நிமிடம் பொறுங்கள். சொட்டும் பிரிஸமும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும். தானாக வெப்பத்தைச் சரிசெய்யும் வசதி உள்ள கருவிகளும் 10 முதல் 30 டிகிரிக்குள்தான் அதைச் செய்யும். மே மாத மதியம் வெயிலில் நிற்கும் வண்டியருகே பார்த்தால் வரும் எண்ணை நம்ப முடியாது. காலையிலோ நிழலிலோ பாருங்கள். மாதிரியை ரேடியேட்டரிலிருந்தே எடுங்கள். ரிசர்வ் டேங்கில் யாராவது தண்ணீர் ஊற்றியிருந்தால் அங்கே காட்டுவது வேறு, இன்ஜினுக்குள் இருப்பது வேறு.

இந்தக் கருவியில் நம் ஊர்க்காரரைக் குழப்பும் விஷயம், அது சதவீதம் காட்டாது, உறைநிலையைத்தான் காட்டும். எத்திலீன் கிளைக்கால் கோட்டில் மைனஸ் 12 என்றால் 25 சதவீதம், மைனஸ் 18 என்றால் 33, மைனஸ் 25-க்கு அருகே 40, மைனஸ் 37 என்றால் 50, மைனஸ் 50-ஐத் தாண்டினால் 60. இந்த ஐந்து எண்களையும் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிட்டால் போதும். அருகிலேயே இன்னொரு வகையான புரோப்பிலீன் கிளைக்காலுக்கான கோடு, 1.10-லிருந்து 1.40 வரை போகும் பேட்டரி ஆசிட் கோடு, கண்ணாடி துடைக்கும் திரவத்துக்கான கோடு எல்லாம் இருக்கும். டின் எத்திலீனா புரோப்பிலீனா என்று தெரிந்த பிறகே கோட்டைத் தேர்ந்தெடுங்கள். ஜி13 வகையில் கிளிசரின் கலந்திருப்பதால் சாதாரண எத்திலீன் கோடு தவறாகக் காட்டும். சில கருவிகளில் ஜி13-க்கென்றே தனிக் கோடு உண்டு, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

நீலக்கோடு அளவுகோலின் முடிவையும் தாண்டிப்போனால் கலவை மிகக் கெட்டி என்று அர்த்தம், எவ்வளவு என்று தெரியாது. சிரிஞ்சில் 10 மில்லி கூலன்ட், 10 மில்லி டிஸ்டில்டு வாட்டர் எடுத்துக் கலந்து, அதைப் பாருங்கள். மைனஸ் 18 காட்டினால் கலந்தது 33, ஆக உள்ளே இருப்பது 66 சதவீதம்.

எண் தெரிந்த பிறகு திருத்துவது சுலபம். நீர்த்திருந்தால், வேண்டிய சதவீதத்திலிருந்து இருக்கும் சதவீதத்தைக் கழித்து, அதை 100-லிருந்து இருக்கும் சதவீதத்தைக் கழித்த எண்ணால் வகுத்து, மொத்தக் கொள்ளளவால் பெருக்குங்கள். அத்தனை லிட்டரை வடித்துவிட்டு அதே அளவு கான்சென்ட்ரேட் ஊற்ற வேண்டும். 5 லிட்டர் வண்டி 30-ல் நிற்கிறது, 50 வேண்டும் என்றால் 20-ஐ 70-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் 1.4 லிட்டர். 40 போதுமென்றால் 0.7 லிட்டர். கெட்டியாக இருந்தால், குறைக்க வேண்டிய சதவீதத்தை இருக்கும் சதவீதத்தால் வகுத்துக் கொள்ளளவால் பெருக்கி, அவ்வளவு வடித்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் போதும். 66-ஐ 50-க்குக் கொண்டுவர 1.2 லிட்டர்.

கடையில் புதிதாக வாங்கிய டின்னையும் இதே கருவியில் பார்க்கலாம். கிளைக்காலே இல்லாத பச்சைத் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடும். இந்த ஒரு பயனுக்காகவே கருவியின் விலை தகும்.

இதற்குப் பதிலாக நூற்றுக்கணக்கான ரூபாய்க்குள் கிடைக்கும் மிதவை டெஸ்டர், ரப்பர் பல்பும் உள்ளே மிதக்கும் உருண்டைகளும் கொண்டது, வேண்டாம். சூடான கூலன்டில் ஒரு கணக்கு, ஆறியதில் வேறு கணக்கு காட்டும். ஒரு குமிழி உருண்டையில் ஒட்டினால் மேலே தூக்கிவிடும். புரோப்பிலீன் கிளைக்காலுக்குப் பொருந்தவே பொருந்தாது.

ரிஃப்ராக்டோமீட்டரிடம் எதிர்பார்க்கக் கூடாததும் ஒன்றுண்டு. கிளைக்கால் ஆவியாவதில்லை, தீர்ந்துபோவதுமில்லை. ஆறு வருடப் பழைய கூலன்டும் மைனஸ் 37 என்றே காட்டும், ஆனால் துருத்தடுப்பு மருந்து எப்போதோ தீர்ந்திருக்கும். கிளைக்கால் பழையதாக ஆகக் கிளைக்காலிக் அமிலமும் பார்மிக் அமிலமும் உண்டாகி காரத்தன்மை இறங்கும். கூடவே அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பிஎச் பட்டைகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 7-க்குக் கீழே வந்துவிட்டால் விகிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். கலங்கல், துரு நிறம், அடியில் மணல் போலப் படிவு இவற்றில் ஒன்றிருந்தாலும் அப்படியே.

ஊற்றும்போது

சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள், விறைப்பாக இருந்தால் உள்ளே அழுத்தம் இன்னும் இருக்கிறது. வடிப்பதற்கு முன் ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வையுங்கள், கேபிள் வால்வு உள்ள வண்டிகளில் அப்போதுதான் ஹீட்டர் கோரில் உள்ளதும் சுழலும். பிளாஸ்டிக் டிரெயின் பிளக்கை இடுக்கியால் திருகாதீர்கள், பழைய ரேடியேட்டரில் அது கையோடு உடைந்து வரும். இறுகியிருந்தால் கீழ் ஹோஸின் கிளிப்பைக் கழற்றுவதே பத்திரம்.

நிரப்பும்போது மெதுவாக. ஏர் பிளீட் ஸ்க்ரூ இருந்தால் திறந்து வைத்து, அதிலிருந்து குமிழி இல்லாமல் கூலன்ட் வந்ததும் மூடுங்கள். மூடியைத் திறந்தபடி இன்ஜினை ஐடிலில் விட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது அழுத்தி விடுங்கள். இன்ஜின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வான தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது மீதியை ஊற்ற வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நின்ற பிறகு மூடியைப் போடுங்கள். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல் டேங்கில் மட்டும் அழுத்த மூடி உள்ள வண்டிகளுக்குக் கையேட்டின் முறையைப் பின்பற்றுங்கள். மறுநாள் காலை, இன்ஜின் ஆறிய நிலையில், ரிசர்வ் டேங்கில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே ரெடிமிக்ஸால் நிரப்பி, ரேடியேட்டரிலிருந்து ஒரு சொட்டை எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துவிடுங்கள். கலவை முழுசாகக் கலந்த பிறகு வரும் எண்தான் உண்மை எண்.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம் சார்" என்று மெக்கானிக் கழற்றிக் கையில் கொடுத்தால் திருப்பிப் போடச் சொல்லுங்கள். அது இல்லாமல் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடும், ஆயிலில் ஈரம் தங்கும். சூடேறும் வண்டிக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

ரிசர்வ் டேங்க் மட்டம் அடிக்கடி குறைகிறதென்றால் அது ஆவியாகவில்லை, கசிகிறது. வாட்டர் பம்ப்பின் கசிவுத் துளை, ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினிய கோரும் சேரும் விளிம்பு, இந்த மூன்றிலும் காய்ந்த வெள்ளை அல்லது நிறக்கறையைத் தேடுங்கள். வெளியே எங்கும் கறையில்லை, ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த நிறம் தெரிகிறது, சைலன்சரில் இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை வருகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் எந்தக் கூலன்ட் டின்னும் உதவாது.

வடித்த கூலன்டைத் தெருவிலோ சாக்கடையிலோ விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து சாகும். வளர்ந்த மனிதருக்கே 100 மில்லி உயிரைக் குடிக்கும். மீந்ததைத் தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே வேண்டாம், வாங்கிய டின்னிலேயே மூடி, பெயரும் தேதியும் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பழையதைத் தனிக் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள். ஆயிலோடு ஒரே கேனில் கலந்துவிட்டால் இரண்டையுமே வாங்க மாட்டார்கள்.